எங்க ஏறினீங்க?

பேருந்தில் ஏறும் பரிசோதகர்களில் பெரும்பாலானவர்கள் "டிக்கெட்டைக் காட்டுங்க" என்பார்கள். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. ஆளின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க ஏறினீங்க?" என்பார். கையில் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட அந்தக் கேள்வியில் தடுமாறிப்போவார்கள். டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை, எங்கிருந்து எடுத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அவர் கட்சி. நாலு நிறுத்தம் முன்னால் ஏறிவிட்டு, இப்போதுதான் ஏறியதாகச் சொல்லி டிக்கெட் வாங்குகிறவனை, டிக்கெட்டே வாங்காதவனைவிடப் பெரிய கள்ளன் என்று நினைத்தார். வாங்காதவன் வெறுமனே பொய் சொல்கிறான். இவன் ஒரு உண்மையைக் கையில் காட்டிக்கொண்டு பொய் சொல்கிறான்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததை டிப்போவில் எல்லோரும் மறந்து போயிருந்தார்கள். செக்கர் என்றால் அவர்தான். மற்ற செக்கர்களுக்குத்தான் அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவிகூட அக்கம்பக்கத்தில் "எங்க வீட்டுச் செக்கர்" என்றுதான் பேசுவாள். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணுக்கு வயது என்ன என்று அவளுடைய அப்பாவிடம் கேட்டுவிட்டு, பெண்ணிடம் தனியாக எந்த வருடம் பள்ளிக்கூடம் முடித்தாய் என்று கேட்டு மனதுக்குள் கழித்துப் பார்த்த மனுஷன் அவர். கணக்கு சரியாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

அவருக்கு ஒரு தம்பி. கண்டக்டர். அண்ணன் வேலை பார்த்த அதே டிப்போவில் பிறகு வந்து சேர்ந்தவன். தம்பியின் வண்டியில் மட்டும் செக்கர் ஏறுவதில்லை என்று டிரைவர்கள் ஓய்வறையில் ஒரு பேச்சு கிளம்பியது. அது அவர் காதுக்கும் வந்தது. சில நாள் கழித்து, பாலம் தாண்டி வண்டி வேகம் குறைக்கும் வளைவில், நிறுத்தமே இல்லாத இடத்தில், அவர் நின்று கை காட்டினார். வண்டி தம்பியுடையது. பின்பக்கம் சிமெண்டு படிந்த உடுப்போடு மூன்று கொத்தனார்கள் டிக்கெட் இல்லாமல் நின்றிருந்தார்கள். முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டு வருகிறேன், இன்னும் இவர்களிடம் வரவில்லை என்றான் தம்பி. வேறு செக்கராக இருந்தால் அடுத்த நிறுத்தம்வரை பொறுத்திருப்பார். இவர் கொத்தனார்களைப் பார்த்து, "எங்க ஏறினீங்க?" என்றார். கள்ளமில்லாத ஆட்கள். இரண்டு நிறுத்தத்துக்கு முன்னால் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவர் புகார் எழுதினார்.

தம்பியை நகரத்தின் மறுகோடியில், குண்டும் குழியுமான தடங்கள் மட்டுமே உள்ள டிப்போவுக்கு மாற்றினார்கள். போகிற அன்று வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அங்க நிறுத்தமே இல்லையே அண்ணே. எனக்காகவே நின்னியா?"

"எங்க நிக்கணும்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம்."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தம்பி வீட்டு விசேஷங்களுக்கு மனைவி மட்டும் போய் வந்தாள். வந்த பிறகு செக்கர் ஒன்றும் கேட்கமாட்டார். அவள் சொல்லிக்கொண்டே தைப்பாள். தையல் இயந்திரச் சத்தத்தில் காது கேட்காதவர்போல் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்வார்.

வியாதி வந்ததும் அவருக்கு முதலில் வியாதி மேல்தான் சந்தேகம் வந்தது. தொடையில் நீலமாகக் கன்றிப்போன இடங்களைக் கண்டு, இருக்கைக் கம்பிகளில் இடித்துக்கொண்டது என்றார். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தபோது, மனைவி மலிவான பிரஷ் வாங்கிவிட்டாள் என்றார். காய்ச்சல் விடாமல் அடித்து, படியேற மூச்சு வாங்கியபோதுதான் ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகிக் கிடக்கின்றன, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள் என்றார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளா அவர்? ரத்தக் குப்பிகளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, வேறு தெருவிலிருந்த வேறொரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய், வாய்க்கு வந்த ஒரு பெயரைக் கொடுத்து மறுபடி ரத்தம் கொடுத்தார்.

"பொய்ப் பேருக்கும் அதே வியாதிதான் வந்திருக்கு," என்றாள் மனைவி. சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

தீவிர ரத்தப் புற்றுநோய் என்றார் ரத்த வியாதிகளைப் பார்க்கும் டாக்டரம்மா. நிதானமாகப் பேசுகிறவர். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையும், கூடவே தீக்குச்சி நீளத்துக்கு எலும்புத் துணுக்கும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது, வாய் புண்ணானது, சோறு மணலாக இருந்தது. முதல் சுற்றில் வியாதி முழுதாக அடங்கவில்லை. இரண்டாம் சுற்றில் அடங்கியது. அடங்கியிருக்கிறது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். போய்விட்டது என்று சொல்லவில்லை. இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை செக்கர் உடனே கவனித்தார்.

இனி என்ன என்பதுதான் கேள்வி. இதே மருந்தைச் சுற்றுச் சுற்றாகத் தொடரலாம். அல்லது இவருடைய மஜ்ஜையை மருந்தால் முழுதாக அழித்துவிட்டு, ஒத்துப்போகிற இன்னொருவரின் செல்களை ஏற்றலாம். இரண்டாவது வழியில் வியாதி திரும்பாமல் இருக்க வாய்ப்பு கூடுதல். ஆனால் அந்த வைத்தியத்திலேயே சிலர் இறந்துபோவதும் உண்டு. குரோமோசோம் பரிசோதனை இவரை நல்ல பக்கத்திலும் சேர்க்கவில்லை, கெட்ட பக்கத்திலும் சேர்க்கவில்லை. தராசு முள் நடுவில் நிற்கிறது, அதனால் முதலில் எடுத்த எலும்புத் துணுக்கில் இன்னும் ஒன்றிரண்டு பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார் டாக்டரம்மா. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார் செக்கர். செல்கள் பெருகுவதைத் தடுக்கிற ஒரு புரதம் இருக்கிறதா என்று. ஒத்துப்போகிற ஆள் கிடைத்தாரா என்றும் கேட்டார். டாக்டரம்மா ஒரு கணம் அவர் மனைவியைப் பார்த்தார். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள் மனைவி.

அந்த ஒரு கணம் போதும். முப்பது பேர் நிற்கும் வண்டியில் எந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தே காலத்தை ஓட்டியவர் அவர்.

அன்றிலிருந்து படுக்கையில் படுத்தபடி மனைவியைப் பரிசோதித்தார். கடைத்தெருவுக்கே கேட்கும்படி தொலைபேசியில் பேசுகிறவள், இப்போது போன் மணி அடித்தால் மாடிப்படிப் பக்கம் போகிறாள். குரல் தாழ்கிறது. திரும்பி வந்து, சட்டை தைக்கக் கொடுத்தவங்க என்கிறாள். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கும்போது யார் சீருடைக்கு இத்தனை அவசரப்படுகிறார்கள்? ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்துக்குப் போனவள், வரும்போது யாரையோ வழியனுப்பிவிட்டு வருகிறவளின் நடையில் வருகிறாள். வியாதி திரும்பிவிட்டது, எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். நர்ஸ் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று பார்த்தார். சிரிக்காவிட்டால், நேற்றுச் சிரித்தாளே என்று யோசித்தார்.

அவர் படுக்கைக்கு நேரே ஜன்னல். மூன்று மாடிக்குக் கீழே பேருந்து நிறுத்தம். பொழுதுபோக்காக வண்டிகளை எண்ணமாட்டார், இறங்குகிறவர்களைப் பார்ப்பார். ஒரு முற்பகலில் வண்டி நிற்பதற்கு முன்பே ஒருவன் பின்படியிலிருந்து இறங்கினான். இடது காலை முன்னால் வைத்து, வண்டி போகிற திசையிலேயே இரண்டு எட்டு ஓடி, கம்பியை விட்டான். பயணிகள் அப்படி இறங்கமாட்டார்கள். அது கண்டக்டர் இறங்குகிற இறக்கம். தலை வழுக்கை விழுந்திருந்தது. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று மனைவி சூப்பு கொண்டு வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி எதற்கு வருகிறான்? ஒரு பக்கம் அவனிடம் மஜ்ஜை தானம் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது. இன்னொரு பக்கம், தன் கதை முடிகிற நிலையில்தான் அவனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றியது. இரண்டையும் மாறி மாறி நம்பினார். இரண்டும் பிடிக்கவில்லை.

மறுநாள் நடைப் பயிற்சிக்காக முகமூடியோடு வராந்தாவில் மெல்ல நடந்துகொண்டிருந்தார். கடைசிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டரம்மாவின் குரலும் ஓர் ஆண் குரலும் கேட்டன.

"அவருக்கு ஏறியிருக்குங்க டாக்டர். நல்லாவே ஏறியிருக்கு. ஆனா ஏற வேண்டிய இடத்துல ஏறலை."

"நம்ம செக்கருக்கா?"

"ஆமா, அவருக்குத்தான்."

செக்கர் நடையை நிறுத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டார். வியாதி ஏறியிருக்கிறது. நன்றாகவே ஏறியிருக்கிறது. எங்கே? மூளைக்கா? கல்லீரலுக்கா? மருந்து ஏறவில்லையா, வியாதி ஏறியிருக்கிறதா? ஏறுதல் என்ற சொல்லைத் தொழிலாக வைத்துப் பிழைத்தவருக்கு, அந்தச் சொல் இத்தனை திசையில் போகும் என்று அன்றுதான் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எங்க ஏறியிருக்கு?" என்றார்.

உள்ளே இருந்த ஆள் அவர் வயதுக்காரர். விரல் நுனிகளில் நீலமும் பழுப்பும் கறையாக ஏறியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் திசுக்களுக்குச் சாயம் போடுகிறவர். ஆஸ்பத்திரியில் அவரைச் சாயக்காரர் என்றே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எழுந்து, முதலில் உட்காருங்கள் என்றார். அவர் உட்காரவில்லை. மேஜைமேல் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அதில் தன் மருத்துவமனை எண் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். அந்த எண்ணை அவர் மறக்கமாட்டார். கண்ணாடியில் இரண்டு திட்டுகள் தெரிந்தன. ஒன்று ஒல்லியாக, தீக்குச்சிபோல. மற்றது வட்டமாக.

"இடுப்புல ஒண்ணுதானே எடுத்தாங்க? இது யாரு?"

"அது வேற ஒருத்தரோட தொண்டைச் சதைங்க," என்றார் சாயக்காரர், சர்வசாதாரணமாக.

"என் கண்ணாடியில இன்னொருத்தன் தொண்டைக்கு என்ன வேலை? ஒரே டிக்கெட்ல ரெண்டு பேரா?"

எல்லோரும் மறைத்துவிட்டார்கள், கடைசியில் திசுவைக்கூட மாற்றிவிட்டார்கள் என்று குரல் உயர்ந்தது. யாருடைய சதைக்கோ வந்த முடிவைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றார். சாயக்காரருக்குக் கோபம் வரவில்லை. தொழிலில் தன்னைப்போல ஒரு ஆளைக் கண்டவரின் முகமாக இருந்தது அது.

"ஐயா, இந்தச் சாயத்தை நான் நம்புறதில்லை," என்றார். "ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. சூடு கொஞ்சம் கூடினா கெட்டுரும். ஏறலைன்னா, உங்க எலும்புல அந்தப் புரதம் இல்லையா, இல்ல என் சாயம் சரியில்லையா? எப்படிச் சொல்றது? அதனால ஏறும்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு சதையை அதே கண்ணாடியில பக்கத்துல வைப்பேன். அதுல ஏற வேண்டிய இடத்துல ஏறியிருந்தாத்தான் உங்களதையே பார்ப்பேன்."

புதுக் கண்டக்டரைச் சோதிக்க செக்கரும் அப்படித்தான் செய்வார். தெரிந்த ஆள் ஒருவரைத் தெரிந்த நிறுத்தத்தில் ஏற்றிவிட்டு, அவரிடம் என்ன டிக்கெட் கிழிக்கப்படுகிறது என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களைக் கேட்பார். பாம்பின் கால் பாம்பறியும். இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "ஒரு தடவை போட்டா போதுமா?" என்றார்.

"உங்களுக்கு ரெண்டு தடவை போட்டேன். முதல் தடவை வந்ததை நம்பலை."

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற நுண்ணோக்கி ஒன்று இருந்தது. டாக்டரம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து, மறுபக்கம் அவரைப் பார்க்கச் சொன்னார். முதலில் தொண்டைச் சதை. நெருக்கியடித்த செல்கள். பலவற்றில் நட்ட நடுவே, காபிக்கொட்டையை வைத்ததுபோல் பழுப்பு. இதுதான் செல்லின் கரு, இங்கேதான் சாயம் ஏற வேண்டும் என்றார். பிறகு கண்ணாடியை நகர்த்தினார். இது உங்களுடையது. பெரிய பெரிய செல்கள். நடுவில் நீலம். பழுப்பு, நடுவைச் சுற்றிய மெல்லிய ஓரத்தில் மட்டும், கழுவாத கோப்பையின் விளிம்பில் ஒட்டிய டீக்கறை மாதிரி.

"ஒரு செல் ரெண்டாகணும்னா ஒரு சுத்து சுத்தி வரணும், ஐயா. உங்க வண்டி டிப்போலேருந்து கிளம்பித் திரும்ப டிப்போவுக்கு வர்ற மாதிரி. அந்தப் பாதையில அங்கங்க நிறுத்திப் பார்க்கிற புரதங்கள் இருக்கு. இப்ப கிளம்பாதே, நில்லுன்னு சொல்றது இந்தப் புரதம்."

"செக்கர்," என்றார் அவர்.

"செக்கர்தான். ஆனா அவர் கருவுக்குள்ள நின்னாத்தான் நிறுத்த முடியும். உங்க செல்லுல அவர் இருக்கார். வெளிய இருக்கார்."

கண்ணை எடுக்காமலே அவர் கேட்டுக்கொண்டார். வேலைக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் செக்கர்களை அவருக்கு ஆள் ஆளாகத் தெரியும். கணக்கில் அவர்கள் இருப்பார்கள். வண்டியில் இருக்கமாட்டார்கள். இல்லாத செக்கரைவிட அவர்கள் மோசம் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். தன் உடம்பிலேயே அப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

"அப்ப எனக்கு முடிஞ்சுதா?"

அப்படிச் சொல்லவே முடியாது என்றார் டாக்டரம்மா. இந்தப் புரதத்தைப் பற்றி எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரி சொல்லவில்லை. இது இடம் தவறி நின்றால் வியாதி திரும்புவது அதிகம் என்கிறார்கள் சிலர். பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள் வேறு சிலர். ஓரம் இத்தனை மெலிதாக இருக்கும்போது கண்ணும் ஏமாறலாம். இதை மட்டும் வைத்து நான் முடிவெடுக்கமாட்டேன். ஆனால் முதல் சுற்றில் வியாதி அடங்கவில்லை என்பது ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது. நடுவில் நின்ற முள்மேல் இதுவும் ஒரு சின்னக் கல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேறொருவர் செல்களை ஏற்றுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

தெரியாது என்கிற இடத்தில் தெரியாது என்று சொன்னதால், அந்த அம்மாள் மேல் அவருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் குறைந்தது. அடியோடு போகவில்லை.

"தம்பி ஒத்துப்போறானா?" என்றார்.

டாக்டரம்மா திகைக்கவில்லை. முழுதும் ஒத்துப்போகிறார், உங்கள் மனைவியே சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றார்.

அறைக்குத் திரும்பியதும் மனைவி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவள்தான் தம்பியைக் கூப்பிட்டாள். கேட்டதும் ஏன் என்று கேட்காமல் வந்து ரத்தம் கொடுத்தான். பொருத்தம் வந்த அன்றே சொன்னால் அவர் முறுக்கிக்கொண்டு மருந்தையும் நிறுத்திவிடுவார் என்று பயம்.

"ஏன் ஒத்துக்கிட்டான்?" என்றார் அவர்.

"உங்க தம்பி. வேற என்ன காரணம் வேணும்?"

"அது காரணமில்லை. அவன் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கிறவன். ஏதோ இருக்கு."

"இருக்கட்டுமே. உயிர் பிழைச்சதுக்கப்புறம் அது என்னன்னு விசாரிங்க. செத்துட்டா யாரைப் போய் விசாரிப்பீங்க?"

மறுநாள் தம்பி வருவான் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். வேண்டுமென்றே போனாள் என்று அவருக்குத் தெரியும். அடுத்த நாள் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கப்போவதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். தன் மஜ்ஜையைத் துடைத்து அழித்த பிறகு, கொடுக்க வேண்டியவன் கொடுக்காமல் போனால்? நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிற டிரைவரைப்போல, கடைசி நிமிடத்தில் அவன் மனம் மாறினால்? பழைய மஜ்ஜையும் இல்லை, புதியதும் இல்லை. பழிவாங்க இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்? அந்த வளைவில் நின்று கை காட்டியவருக்கு, இன்னொருவன் எந்த வளைவில் நிற்பான் என்று யோசிக்கத் தெரியாதா?

தம்பி வந்தான். முகமூடி போட்டு, கையைக் கழுவி, செருப்பை வெளியே விட்டு, கதவோரம் நின்றான். கண்கள் அப்பாவின் கண்களாகவே இருந்தன.

"அந்த வளைவுல," என்று செக்கர் ஆரம்பித்தார். "அன்னிக்கு உனக்காகத்தான் நின்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடுக்க வந்தே?"

"அண்ணி கூப்பிட்டாங்க, வந்தேன். எங்க ஏறினே, எதுக்கு ஏறினேன்னு எல்லாத்துக்கும் டிக்கெட் கேட்டா நான் எங்க போவேன்?"

"பாதியில இறங்கிடுவியான்னு கேக்கிறேன்."

தம்பிக்குக் கோபம் வந்ததும், அவன் அதை அடக்கியதும் முகமூடிக்கு மேலே தெரிந்தது.

"கோபம் இருக்கு. இல்லேன்னு சொன்னா நீ நம்ப மாட்டே, நானும் நம்ப மாட்டேன். அதுக்காகப் பாதையில வண்டியை விட்டுட்டு நான் என்னிக்காவது இறங்கியிருக்கேனா? எந்த டிப்போல வேணா கேட்டுப் பாரு."

செக்கர் அதைக் கேட்கத் தேவையில்லை. அந்தக் குண்டும் குழியுமான தடத்தில், வண்டி பழுதான நாட்களில், கடைசிப் பயணியை வேறு வண்டியில் ஏற்றிவிடும்வரை ரோட்டில் நிற்கிற கண்டக்டர் ஒருவன் உண்டு என்று அவர் காதுக்கும் வந்திருக்கிறது. பரிசோதகருக்கு வராத செய்தி எது? கோபம் இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார். இருக்கிறது என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

"சரி," என்றார்.

பிறகு எல்லாம் ஆஸ்பத்திரியின் கையில் போய்விட்டது. தம்பிக்கு, மஜ்ஜையிலுள்ள செல்களை ரத்தத்துக்கு வரவைக்கும் ஊசியைத் தினமும் போட்டார்கள். எலும்பெல்லாம் குடைகிறது என்று அண்ணியிடம் புலம்பினான். "தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க. எனக்கு எலும்பே ஆடுது அண்ணி," என்றானாம். இந்தப் பக்கம் செக்கருக்குக் கடும் மருந்து ஏறியது. பழைய மஜ்ஜை அழிந்தது. இனித் திரும்ப முடியாது என்ற அந்த நாட்களில் மனைவியிடம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அவன் கீழ இருக்கானா? இருக்கான் என்பாள். எங்க இருக்கான்? கீழே ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே, மூன்றாவது நாற்காலியில். அவள் சொன்ன இடத்தை நர்ஸிடமும் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

ஏற்றுகிற நாளில் வந்தது ஒரு சின்னப் பை. தக்காளிச் சாறு நிறத்தில், உள்ளங்கை அகலம். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. இதைக் கையில் நரம்பில் விட்டால் எலும்புக்குள் எப்படிப் போகும், யார் வழி காட்டுவது என்றார். தாங்களே தேடிப் போய்ச் சேர்ந்துவிடும், அவற்றுக்கு இடம் தெரியும் என்றார் டாக்டரம்மா. அதை அவர் நம்பவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"இன்னொண்ணு சொல்லணும் ஐயா. தம்பியோட செல்லு உள்ள போனதும், அதுக்கு உங்க உடம்பு மேல சந்தேகம் வரும். இது யாரு, இது யாருன்னு ஒவ்வொரு செல்லாப் பார்க்கும். கொஞ்சம் சந்தேகம் நமக்கு வேணும். மிச்சம் ஒளிஞ்சிருக்கிற வியாதியை அதுதான் பிடிக்கும். சந்தேகம் மிஞ்சிப் போனா உங்க தோலையும் குடலையும் கடிக்க ஆரம்பிச்சிரும். அப்ப நாங்க மருந்து குடுத்து அடக்குவோம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற தம்பிக்கும் அது கேட்டிருக்கிறது. கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவோரம் வாயை வைத்துச் சொன்னான்:

"அன்னிக்கு என் வண்டியில நீ ஏறினே. இனி உன் வண்டியில நான் ஏறுறேன் அண்ணே. டிக்கெட்டைக் கையிலயே வச்சுக்கோ."

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். செக்கர் சிரிக்கவில்லை. பையிலிருந்து குழாயில் இறங்கிய முதல் சொட்டைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. காலையில் ரத்தம் எடுக்க வரும் நர்ஸிடம் அவர் ஒன்றும் கேட்பதில்லை, அவள் திரும்பி வருகிற நடையைப் பார்ப்பார். ஒரு நாள் அந்த நடை மாறியிருந்தது. கொஞ்சம் ஏறியிருக்கு என்றாள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். யாரோடது என்று கேட்டார். அது தெரிய வேறு பரிசோதனை இருக்கிறது என்றாள். அதன் முடிவு வரும்வரை அவர் சந்தோஷப்படவில்லை. தம்பியுடையதுதான் என்று வந்தது. அதன் பிறகும் அவர் சந்தோஷத்தைத் தள்ளியே வைத்தார். வியாதி திரும்புமா திரும்பாதா என்று சொல்ல இன்னும் காலம் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை மட்டும் அவர் அப்படியே நம்பினார்.

ஒரு காலை, கஞ்சிக் கோப்பையை வாங்கக் கையை நீட்டியபோது, இரண்டு உள்ளங்கைகளும் சிவந்து, லேசாக அரித்தன. மனைவி பதறி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான், இந்த அளவுக்கு வந்தால் கெட்டதில்லை, கவனித்துக்கொண்டே இருப்போம் என்று சொல்லி, தடவ ஒரு களிம்பு எழுதிவிட்டுப் போனார்.

அவர் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னங்க, எரியுதா என்று கேட்டாள் மனைவி.

"அவனுக்குப் போன் போடு," என்றார் செக்கர். "ஏறிட்டான்னு சொல்லு. உள்ள ஒவ்வொருத்தனையா எங்க ஏறினேன்னு கேட்டுக்கிட்டிருக்கான்."